தேயாத பிரேக் கட்டை

தேயிலை எஸ்டேட் பட்டறையின் ஸ்டோருக்கு ஒரு ஜன்னல் உண்டு. கம்பி போட்ட ஜன்னல். கீழே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. பதினான்கு வருஷமாக அதற்கு உள்பக்கம் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக, உட்கார்ந்திருந்தவள் வசுமதி. பெல்ட் வேண்டுமா, பேரிங் வேண்டுமா, கொழுந்து வெட்டும் மிஷினுக்குக் கத்தி வேண்டுமா, தேய்ந்துபோன பழசை முதலில் அந்த இடைவெளி வழியாக உள்ளே தள்ள வேண்டும். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வெர்னியர் வைத்து அளப்பாள். இன்னும் உழைக்கும் என்று பட்டால் பழசு அதே இடைவெளி வழியாக வெளியே வந்துவிடும்.

"ஏம்மா ஸ்டோர் கிராணி, இந்த பெல்ட் செத்துப் போச்சுன்னு நான் மாரியாத்தாகிட்ட எழுதி வாங்கிட்டு வரணுமா?" என்பார் பட்டறை ஃபிட்டர் முனியாண்டி.

"இன்னும் ஒரு மாசம் ஓடும்ண்ணே. ஓட்டுங்க."

"நாளைக்கு நான் செத்தாலும் பொணத்தைக் கொண்டாந்து காட்டினாத்தான் பொட்டி குடுப்பே போல."

"பொட்டி நம்ம ஸ்டோர்ல இல்லண்ணே."

முனியாண்டி சிரித்துக்கொண்டே போய்விடுவார். சொன்னபடி பெல்ட் ஒரு மாசம் ஓடும். அதுதான் வசுமதியின் பெருமை. அவளுக்கு முன்னால் இருந்த கிராணி காலத்தில் புதுப் பேரிங்குகள் பெட்டியோடு காணாமல் போய், பக்கத்து ஊரான ரிங்லெட்டின் கடைகளில் முளைத்தன. துரை அவனை அனுப்பிவிட்டு, கொழுந்து நிறுக்கும் இடத்தில் எடை எழுதிக்கொண்டிருந்த வசுமதியிடம் சாவியைக் கொடுத்தார். பாரம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அம்மா இறந்தபோது தம்பி ரூபனுக்கு மூன்று வயது, அவளுக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கும் முன்பே போயாயிற்று. தொழிலாளர்களுக்குக் கொடுத்த லயத்து வீடு கைவிட்டுப் போகாமல் இருக்க வீட்டிலிருந்து ஒருவர் எஸ்டேட் பேரேட்டில் இருந்தாக வேண்டும். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறினாள். அந்தச் சாவி கிடைத்தபோது அதைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

ரூபனையும் அவள் அப்படித்தான் வைத்திருந்தாள் என்று லயத்தில் சொல்வார்கள். அவன் சட்டைக்கு இரண்டு பொத்தான் அறுந்தால்தான் ஒன்றைத் தைப்பாள் என்று கேலியும் உண்டு. அவன் பென்சில் கேட்டால், "பழசைக் காட்டு" என்பாள். பிஞ்சு விரலுக்குள் அடங்காத துண்டுப் பென்சிலை உள்ளங்கையில் வைத்து நீட்டுவான். ஒருமுறை கீழே விழுந்து பல் உடைந்தபோது, வாயெல்லாம் ரத்தத்தோடு அந்தப் பல்லைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்து, "பழசு இந்தா, புதுசு குடு" என்றான். இதை வசுமதி சொல்லாத ஆள் கிடையாது.

பதினாறு வயதில் ரூபன் கியா பார்முக்கு ஸ்ட்ராபெரி கடையில் வேலைக்குப் போனான். ரிங்லெட்டிலிருந்து மேலே இருபது கிலோமீட்டர். பஸ்ஸை நம்பாமல் ஒரு பழைய சைக்கிளில் ஏறினான். தினமும் ஏறினான். சனி ஞாயிறுகளில் ஈப்போவிலிருந்து பந்தய சைக்கிளில் மலையேற வருகிறவர்கள், காய்கறிக் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு தங்களைத் தாண்டிப் போகிற ஒருவனைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அவர்களில் ஒருவர் கோகிலன். ஈப்போவில் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். ஒரு நாள் ரூபனை நிறுத்திப் பேசினார். அடுத்த மாசம் தன் பழைய ரோட் பைக்கை காரில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

ஆறு வருஷம் ஓடிப்போனது. ரூபன் எஸ்டேட்டுக்கே திரும்பிக் கொழுந்து வெட்டும் மிஷின் பிடித்தான். காலையில் ஒன்றரை மணி நேரம் ஓட்டுவான், பிறகு மிஷின். அந்த வருஷம் ஆகஸ்டில் ஈப்போவில் ஒரு சைக்கிள் குழு, சம்பளத்துக்கு ஆள் எடுக்கப் போவதாகக் கோகிலன் சொல்லியனுப்பினார். மலையடிவாரத்துத் தாப்பாவில் புறப்பட்டு ரிங்லெட் வரை ஏற வேண்டும். ஏறுகிற நேரத்தைப் பார்த்து இரண்டு பேரை எடுப்பார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து இறங்கி தாப்பாவில் சாப்பாடு.

"அந்த இரும்பு மாதிரி வீல வச்சிக்கிட்டு வராதே. என்கிட்ட ஒரு ஜோடி கார்பன் வீல் சும்மாதான் கெடக்கு. எடுத்துக்க" என்றார் கோகிலன்.

வீல்கள் ஞாயிற்றுக்கிழமை காய்கறி லோரியில் வந்து சேர்ந்தன. ரூபன் அவற்றைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பட்டறைக்கு வந்தான். கறுப்பாக, விளிம்பு உயரமாக, தூக்கினால் கையில் எதுவும் இல்லாததுபோல் இருந்தது. வசுமதி ஒரு வீலை வாங்கினாள். அச்சில் இரண்டு விரலை விட்டு மெல்லச் சுற்றினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"மண்ணு அரைக்குது" என்றாள். "ஹப்புல பேரிங் போச்சு. முன்னால ரெண்டு, பின்னால நாலு. ஆறும் மாத்தணும்."

"அலாமாக்!" தலையில் கைவைத்தான். "அடுத்த ஞாயித்துக்கெழமை ஏறணும், அதுக்குள்ள ஆவுமாக்கா?"

"என்கிட்ட குடுத்துட்டு நீ போய்ச் சாப்புடு."

பழைய பேரிங் ஒன்றைத் தட்டியெடுத்து அதன் மேலிருந்த எண்ணைத் துடைத்துப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. 6902. தேயிலை வறுக்கும் அறையில் ஓடும் சின்ன மோட்டாரிலும் இதே இனம்தான். இதை எத்தனை முறை ஜன்னல் வழியாக வாங்கியிருப்பாள், கொடுத்திருப்பாள்! ஸ்டோரின் மூன்றாவது தட்டில் அதே எண்ணில் ஒரு டஜன் இருந்தது. அதில் ஒன்றையும் தொடவில்லை. ஸ்டோர் சாமான் ஸ்டோருக்கு. ஈப்போ கடைக்கு ஃபோன் போட்டு, தன் சொந்தக் காசில் ஆறு பேரிங் வரவழைத்தாள். செவ்வாய்க்கிழமை வந்தது. முனியாண்டியிடம் ஒரு நீளத் திருகுக்கம்பியும் இரண்டு நட்டும் கேட்டு வாங்கி, ஒரு முடி அளவும் சாயாமல் பேரிங்குகளை ஹப்புக்குள் இறக்கினாள். சுத்தியல் படக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். வீலின் கம்பிகளில் இரண்டு தளர்ந்திருந்தன. சைக்கிளின் ஃபோர்க்கில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டி, அதன் நுனி ரிம்மில் எங்கே உரசுகிறது என்று கேட்டுக் கேட்டு, கால் திருகு, அரைத் திருகாகக் கோட்டம் எடுத்தாள்.

முன் வீலைச் சுண்டிவிட்டபோது அது மூன்று நிமிஷத்துக்கு மேல் சத்தமே இல்லாமல் சுற்றியது. முனியாண்டி வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"துரைகிட்ட சொல்லி என்னை ஸ்டோருக்கு மாத்திட்டு உன்னை ஃபிட்டர் ஆக்கச் சொல்றேன்லா" என்றார்.

வசுமதி வீலை மறுபடி ஒருமுறை சுண்டிவிட்டாள். ஆனால் அந்த வார்த்தையை அன்று முழுக்க வாயில் வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தாள்.

ஹப்பை அவள் அறிவாள். பேரிங்கை அறிவாள். கம்பியை அறிவாள். ரிம்மைத்தான் அறியமாட்டாள். பதினான்கு வருஷத்தில் கார்பன் என்ற சாமான் அவளுடைய ஸ்டோருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

புதன்கிழமை காலை அவள் ஃபோனுக்குக் கோகிலனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. வீலைப் பூட்டுகிறவள் அவள்தான் என்பதால் அவளுக்கே அனுப்பியிருந்தார். மேல் மலையில் மிஷின் பிடிக்கும் ரூபனுக்குச் சிக்னலும் கிடைக்காது. ஜன்னலுக்கு வெளியே முனியாண்டி ஒரு செயினைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவள் ஃபோனைக் காதில் வைத்தாள்.

"வணக்கம்க்கா. டயர்ல காத்து தொண்ணூறுக்கு மேல போவேணாம்னு தம்பிகிட்ட சொல்லுங்க. இன்னொண்ணுக்கா, இது கார்பன் ரிம்மு. இதுக்குன்னு தனி பிரேக் கட்டை இருக்கு. என்கிட்ட இருந்தது தேஞ்சிடுச்சு, புதுசு வாங்கிப் போட்டுடுங்க. பழைய வீலோட கட்டையை மட்டும் போட்டுடாதீங்க."

அவள் ஃபோனை வைத்துவிட்டு முனியாண்டியின் செயினை அளந்தாள். இன்னும் ஓடும். வெளியே தள்ளினாள்.

அன்று மாலை பைக்கின் பிரேக் கட்டைகளைக் கழற்றி மேஜைமேல் வரிசையாக வைத்தாள். நாலும் போன மாசம்தான் போட்டது. அவள் கையாலேயே போட்டது. தேய்மானக் கோடு இன்னும் ஆழமாகத் தெரிந்தது. வெர்னியர் வைத்தாள். புதுசுக்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ரப்பர் நன்றாக இருந்தது. பிடிப்பு நன்றாக இருந்தது. ஈப்போக்காரர்களுக்கு எதையும் புதிதாக வாங்கித்தான் பழக்கம். சாமான் விற்க வருகிறவன் எவன்தான் பழசு போதும் என்று சொல்லியிருக்கிறான்? பதினான்கு வருஷமாகக் கேட்ட பேச்சுதான் இது.

நாலையும் துடைத்து, மறுபடி பூட்டினாள். புது ரிம் அகலமானது என்பதால் பிரேக் கம்பியைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் சமமாக ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வருமாறு அளவுத்தகடு வைத்துச் சரிசெய்தாள். யார் வந்து பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாத வேலை.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது ரூபன் கேட்டான். "கோகிலன் அண்ணன் ஏதாச்சும் சொன்னாராக்கா?"

"டயர்ல காத்து தொண்ணூறுக்கு மேல வேணாமாம்."

"வேற?"

"வேற என்ன இருக்கு? சாப்புடு. ரசம் ஆறுது."

ஞாயிற்றுக்கிழமை ரூபன் முதலில் ஏறினான். இரண்டாவது வந்தவனுக்கும் அவனுக்கும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் இடைவெளி. ரிங்லெட்டில் அவள் சாலையோரம் நின்றிருந்தாள். வேர்த்து வெளுத்த முகத்தோடு வந்து நின்றவன் பைக்கை அவள்பக்கம் சாய்த்து, "வீலு பறக்குதுக்கா!" என்றான். குழுவின் மேலாளர் வந்து அவன் தோளில் தட்டி ஏதோ சொன்னார். ரூபன் அவளைக் கைகாட்டி, "எங்க அக்கா. இவங்கதான் வீல் கட்டினது" என்றான். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்குப் பிறகு பைக்கில் ஏறும்போது அவன் திரும்பிப் பார்த்தானா என்று வசுமதியால் இன்றுவரை நினைவுபடுத்திக்கொள்ள முடியவில்லை. அவள் அந்தத் தலையசைப்பையே நினைத்துக்கொண்டு நின்றாள்.

இறங்கும் வழியில் ஒரு முட்டைக்கோஸ் லோரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு, தாண்ட இடமில்லை. மற்றவர்கள் பின்தங்கிக்கொண்டார்கள். ரூபன் லோரியின் பின்னாலேயே, பிரேக்கை விடாமல் பிடித்தபடி, ஆறேழு கிலோமீட்டர் இறங்கினான். மூங்கில் கழியில் பெத்தாய்க் காய்க்கொத்துகளைத் தொங்கவிட்டு விற்கும் கடைகளுக்குக் கொஞ்சம் மேலே, ஓர் இடது வளைவில், முன் டயர் துப்பாக்கி வெடித்ததுபோல் வெடித்தது. அவன் தடுப்புக் கம்பியில் போய் விழுந்தான்.

வலது தொடையெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இடுப்புக் கிண்ணம் விரிசல். ஈப்போ பெரியாஸ்பத்திரியில் இரும்புத் தகடு வைத்தார்கள். டாக்டர் வசுமதியை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: நடப்பான். கால் கொஞ்சம் கட்டையாகும். பந்தயம் இல்லை. மிஷின் தூக்கிக்கொண்டு மலைச்சரிவில் நிற்கிற வேலையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை குழுக்காரர்கள் பைக்கைக் கொண்டுவந்து பட்டறையில் இறக்கிவிட்டுப் போனார்கள். மேலாளர் சொன்னதை முனியாண்டி அவளிடம் மெல்லச் சொன்னார். "பையன் ஏறுறதுல சூரனாம். எறக்கத்துல பயந்துட்டானாம். பயந்து பிரேக்கைப் புடிச்சிக்கிட்டே வந்தா எந்த டயரும் வெடிக்கும்னாரு. விடு புள்ள. நேரம்."

பட்டறை காலியான பிறகு அவள் முன் வீலைக் கழற்றினாள். ஹப்பைச் சுற்றிப் பார்த்தாள். இவ்வளவுக்குப் பிறகும் பேரிங் சத்தமில்லாமல் சுற்றியது. ரிம்மின் விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு வீங்கி, வெந்த தோல் உரிவதுபோல் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. டயரைப் பிடித்திருக்கவேண்டிய உதடு அந்த இடத்தில் வெளிப்பக்கம் வளைந்துபோயிருந்தது. பிரேக் கட்டைகளைக் கழற்றினாள். மேல்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தது. ஓரத்தில் ரப்பர் உருகி உறைந்து நின்றது. அவள் வழக்கம்போல் வெர்னியரை எடுத்தாள். அளவு சரியாகவே இருந்தது. தேயவே இல்லை.

அப்போது ஃபோனில் கோகிலனின் எழுத்துச் செய்தி ஒன்று வந்திருப்பதைப் பார்த்தாள். "அக்கா, கட்டை மாத்தினீங்கதானே?"

படித்தாள். படித்துவிட்டாள் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். பதில் எழுதவில்லை.

புதன், வியாழன், வெள்ளி. தினமும் ஸ்டோரை மூடிவிட்டு ரிங்லெட்டில் பஸ் பிடித்து தாப்பாவுக்கு இறங்கி, அங்கிருந்து ஈப்போ. பஸ் அந்த இடது வளைவைத் தாண்டும்போது அவள் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ரூபன் பேசமாட்டான். கஞ்சியை ஊட்டினால் விழுங்குவான். கூரையில் ஓடும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருப்பான். சொல்லலாம் என்று வாயெடுப்பாள். நர்ஸ் வருவாள், பக்கத்துக் கட்டில்காரர் இருமுவார், பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். எல்லாமே அவளுக்கு உதவியாக வந்தன. யாருக்கும் தெரியாது. கோகிலனுக்குச் சந்தேகம் இருக்கலாம். அவர் நல்ல மனிதர், வாய்திறக்கமாட்டார். டயர் வெடித்தது. அவ்வளவுதான். அப்படியே போய்விடும்.

சனிக்கிழமை அவன் தானாகவே பேசினான்.

"டீம் மேனேஜர் வந்தாருக்கா."

"என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. பழம் குடுத்துட்டுப் போனாரு." காற்றாடியைப் பார்த்தபடியே, "என்ன நெனைக்கிறாருன்னு மொகத்துலயே தெரிஞ்சுது. அவரு நெனைக்கிறது சரிதான். நான் பயந்துட்டேன். லோரி பின்னால போறப்ப விட்டுவிட்டுப் புடிச்சிருக்கணும். பேயன் மாதிரி இறுக்கிப் புடிச்சிக்கிட்டே வந்தேன்" என்றான்.

"அப்படியெல்லாம் இல்லடா."

"உனக்குத் தெரியாதுக்கா. ஆறு நாளா அதத்தான் யோசிக்கிறேன். எந்த வளைவுல விட்டிருக்கலாம், எந்த வளைவுல விட்டிருக்கலாம்னு. தூக்கத்துலயும் எறங்கிக்கிட்டேதான் இருக்கேன்." அவன் தலையணையில் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான். "நீ மூணு நாள் ஒக்காந்து கட்டின வீலு. ஒரு தடவைல நாசம் பண்ணிட்டேன். கோவிச்சுக்காதே என்னா?"

வசுமதி எழுந்து கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் நேரமாகவில்லை என்றாலும் கிளம்பிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக்குப் போய், பழைய சாமான் போடும் தகரப்பெட்டியில் தேடாமல், தன் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். நாலு பிரேக் கட்டைகளும் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. வாய் கட்டி, தேதி எழுதி வைத்திருந்தாள். பையை எடுத்துக்கொண்டாள்.

வார்டில் பார்வையாளர் நேரம். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே நின்று மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அவள் அவர்கள் போகக் காத்திருக்கவில்லை. ரூபனின் மார்புக்குப் பக்கத்தில், வெள்ளைப் போர்வைமேல், நாலு கட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள்.

"என்னாக்கா இது?"

"பாரு."

அவன் ஒன்றை எடுத்துப் பார்த்தான். மினுமினுத்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினான். "பிரேக் கட்டை. எரிஞ்சிருக்கு."

அவள் ஃபோனை எடுத்து அந்தக் குரல் செய்தியை ஓடவிட்டாள். கோகிலனின் குரல் வார்டில் பெரிதாகக் கேட்டது. மாம்பழம் வெட்டிய அம்மா திரும்பிப் பார்த்தாள். பழைய வீலோட கட்டையை மட்டும் போட்டுடாதீங்க என்பதோடு அது நின்றது.

ரூபன் கை நீட்டி ஃபோனை வாங்கிக்கொண்டான். மறுபடி ஒருமுறை கேட்டான். காதோடு சேர்த்து வைத்து மூன்றாம் முறையும் கேட்டான்.

"எப்ப வந்துச்சு இது?"

"புதன்கிழமை."

"பந்தயத்துக்கு முன்னாடி புதனா?"

"ஆமா."

"நான் வியாழக்கிழமை கேட்டேன்லா. வேற ஏதாச்சும் சொன்னாரான்னு."

"கேட்டே."

"ரசம் ஆறுதுன்னே."

"ஆமா."

அவன் கட்டையைத் திருப்பி ஓரத்திலிருந்த தேய்மானக் கோட்டைப் பார்த்தான். அவள் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

"தேயலடா," என்றாள் வசுமதி. "புதுசா இருந்துச்சு. அளந்து பார்த்தேன். நல்லாயிருக்கிறத எதுக்கு மாத்தணும்னு விட்டுட்டேன். நீ பயந்து புடிச்சதுனால இல்ல. நீ எப்படிப் புடிச்சிருந்தாலும் அந்த லோரிக்குப் பின்னால, இந்தக் கட்டை சூட்டுல அந்த ரிம்மு வெந்துதான் போயிருக்கும். நான்தான். உன்மேல ஒண்ணும் இல்ல."

அவன் அழுவான் என்று எதிர்பார்த்தாள். கத்துவான், கட்டையை எடுத்து முகத்தில் வீசுவான் என்றும் எதிர்பார்த்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தாள். அவனோ ஃபோனைப் போர்வைமேல் வைத்து அவள்பக்கம் தள்ளினான்.

"தண்ணி வேணும்" என்றான்.

அவள் அவசரமாக மேஜையிலிருந்த குவளையை எடுத்தாள்.

"நீ வேணாம். நர்ஸைக் கூப்புடு."

"இந்தா, இங்கதான்டா இருக்கு, நானே..."

"நர்ஸைக் கூப்புடுக்கா."

அவள் குவளையை மேஜைமேல் வைத்தாள். கட்டைகளைத் திரும்பப் பைக்குள் போடக் கை நீட்டினாள். அவன் உள்ளங்கையால் அவற்றை மூடிக்கொண்டான்.

"இது இங்க இருக்கட்டும்."

வசுமதி வார்டின் வாசலுக்குப் போய் நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் உள்ளே போனாள். ரூபன் தலையைத் தூக்கி நர்ஸின் கையால் தண்ணீர் குடித்தான். இடது கை மட்டும் போர்வைமேலிருந்து எடுபடவில்லை. பார்வையாளர் நேரம் முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அவள் வராந்தாவில் நின்றுகொண்டு கோகிலனுக்கு எழுதினாள்: மாத்தல. தம்பிகிட்ட சொல்லிட்டேன்.

நாற்பது நிமிஷமும் அங்கேயே நின்றாள். அவன் கூப்பிடவில்லை.